முப்பத்தைந்தில் மிஸ்ஸி

என் வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்களில் சிலருக்குக் காதோரம் நரைத்திருக்கும். மருந்துப் புட்டியின் பொடி எழுத்தைப் படிக்க ஒருவர் கண்ணாடியைத் தேடுவார். இடைவேளையில் இன்னொருவர் மகளின் பள்ளிக்குப் போன் போட்டு, காய்ச்சல் இறங்கியதா என்று விசாரிப்பார். ஒருவர் கணக்குத் தணிக்கை செய்தவர், ஒருவர் விமானப் பணிப்பெண், ஒருவர் கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு மேற்பார்வை பார்த்தவர். எல்லோரும் ஏற்கெனவே ஒரு படிப்பை முடித்து, ஒரு வேலையில் காலூன்றி, பிறகு அதை விட்டுவிட்டுத் தாதிமை படிக்க, எங்கள் பேச்சில் 'மிஸ்ஸி' ஆக, வந்தவர்கள்.

மாணவத் தாதியருக்கு நோயாளியின் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுப்பது என் வேலை. 'சிஐ' என்று சொல்வோம், கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர். நான் படித்தது பழைய தாதிமைப் பள்ளியில், 'ஓ' நிலைத் தேர்வு முடித்த கையோடு. எங்கள் வகுப்பில் முப்பது வயதுக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்திருந்தால் எல்லோரும் திரும்பிப் பார்த்திருப்போம். இப்போது என்னிடம் வருபவர்களில் இவர்கள் ஒரு தனிக் கூட்டம். பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு இவர்களுக்கும் சொல்லிக்கொடுத்துப் பார்த்ததில் எனக்கு ஒரு உறுதியான கருத்து உண்டு. இவர்களின் பழைய படிப்பு வீண்போவதில்லை. ஆனால் நோயாளியின் கட்டிலருகே நிற்க வேண்டிய நேரத்தை எந்தப் பட்டமும் குறைக்காது.

முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் தேக்கா சந்தையில் காய் வாங்கும்போதுகூட என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் தாதிமை டிப்ளோமா வழக்கமாக மூன்று ஆண்டு. வேறு துறையில் பட்டமோ டிப்ளோமாவோ வைத்திருக்கும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 'வாழ்க்கைத்தொழில் மாற்றுத் திட்டம்' இருக்கிறது. ஊழியரணி சிங்கப்பூர் அமைப்பும் சுகாதார அமைச்சும் மருத்துவமனைகளும் சேர்ந்து நடத்துவது அது. அதில் சேர்ந்தால் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டு ஆண்டில் டிப்ளோமா முடிக்கலாம். பட்டதாரியாக இருந்தால் சிங்கப்பூர் தேசிய பல்கலைக்கழகத்தின் ஆலிஸ் லீ தாதிமைக் கல்வி நிலையத்தில் இரண்டு ஆண்டில் பி.எஸ்சி. நர்சிங் வாங்கலாம். படிப்புச் செலவுக்கு ஆதரவு உண்டு, மாதாமாதம் பயிற்சிப் படி உண்டு. படித்து முடித்ததும், ஆதரவு கொடுத்த நிறுவனத்தில் சில ஆண்டு வேலை செய்ய ஒப்பந்தம் போட வேண்டும். எந்த வழியில் வந்தாலும் சிங்கப்பூர் தாதியர் வாரியத்தில் பதிவு செய்த பிறகுதான் தனியாக ஒரு மாத்திரையை எடுத்து நோயாளியின் கையில் கொடுக்க முடியும்.

"மூணு வருஷப் படிப்பை ரெண்டு வருஷத்துல முடிச்சா அரைகுறையாத்தானே இருக்கும்?" என்று என் வயதுத் தாதியர் சிலரே கேட்பதுண்டு. சுருங்குவது பெரும்பாலும் பொதுப் பாடங்களும் நீண்ட விடுமுறைகளும்தான். உடற்கூறு, உடலியங்கியல், நோய்க்குறியியல், மருந்தியல் எல்லாம் முழுசாகவே இருக்கின்றன. வார்டுப் பயிற்சியும் அப்படியே. இடையில் மூச்சுவிட நேரம் மட்டும் கிடையாது. திங்கட்கிழமை சிறுநீரகம், புதன்கிழமை அதன் மருந்துகள், அடுத்த வாரம் வார்டில் டயாலிசிஸ் நோயாளி என்று ஓடும். அவசரத்தில் படிப்பவருக்கு, ஏற்கெனவே ஒரு படிப்பைப் படித்து முடித்த பழக்கம் கை கொடுக்கிறது. எதைப் படிக்க வேண்டும், எதை விடலாம், யாரிடம் கேட்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும். கேட்க வெட்கப்படுவதும் இல்லை.

அவர்கள் திணறும் இடம் வேறு. முன்பின் தெரியாத ஒரு பெரிய மனிதரின் உடம்பைத் தொட்டுக் குளிப்பாட்ட வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கும் அது கூச்சம்தான், ஆனால் அவர்கள் சீக்கிரம் பழகிவிடுவார்கள். நாற்பது வயதில், அலுவலகத்தில் பத்துப் பேருக்கு மேலாளராக இருந்தவரின் கை தயங்கும். அதனால் படுக்கைக் குளியலை நான் அவசரப்படாமல் சொல்லிக்கொடுப்பேன். திரையை முழுசாக இழுத்து மூடுங்கள், ஒரு விரல் இடைவெளிகூட விடாதீர்கள். தண்ணீர்ச் சூட்டை உங்கள் மணிக்கட்டில் பாருங்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவரிடம் சொல்லுங்கள், அவர் மயக்கத்தில் இருந்தாலும் சொல்லுங்கள். முதலில் கண், சோப்பு வேண்டாம், மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். ஒரு கண்ணுக்குத் துணியின் ஒரு மூலை, அடுத்த கண்ணுக்கு வேறு மூலை. பிறகு முகம், கை, மார்பு, வயிறு, கால். எந்தப் பகுதியைக் கழுவுகிறீர்களோ அது மட்டும் திறந்திருக்கட்டும், மற்றதெல்லாம் துண்டுக்குள் இருக்கட்டும். தண்ணீரை மாற்றுங்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகைத் துடையுங்கள். அங்கேதான் நின்று பார்க்க வேண்டும். இடுப்பெலும்பின் மேல் தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். வெளுத்துத் திரும்பவும் சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. அழுத்தியும் சிவப்பு மாறவில்லையென்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது, உடனே எழுதுங்கள், பக்கம் மாற்றிப் படுக்க வைக்கும் நேரத்தைக் குறியுங்கள்.

இந்த ஒரு குளியலில் நோயாளியின் தோல், மூச்சு, வலி, மனநிலை, கை காலின் பலம் எல்லாம் தாதியின் கண்ணில் பட்டுவிடும். அதைப் புரிந்துகொண்ட நாளில் மாணவரின் கை தயக்கம் விடும். நான் காத்திருப்பது அந்த நாளுக்காகத்தான்.

இவர்களில் தணிக்கைக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதயம் பலவீனமாகி உடம்பில் நீர் கோர்க்கும் நோயாளிகளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் நீராகாரம் என்று வரம்பு வைப்பார்கள். குடிப்பதையும் டிரிப்பில் ஏறுவதையும் ஒரு பக்கமும், சிறுநீரை இன்னொரு பக்கமும் மில்லிலிட்டரில் எழுதுவோம். தினமும் காலையில் எடையும் பார்ப்போம். ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய ஒரு கிலோ. தமிழ்த் தாத்தா ஒருவரின் அட்டையை இந்த மாணவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், உள்ளே போனது தொள்ளாயிரம், வெளியே வந்தது ஆயிரத்து நூறு. அப்போ எடை குறைஞ்சிருக்கணும். ஒரு கிலோ ஏறியிருக்கு. கணக்கு டேலி ஆகலையே."

"தராசு சரியா?"

"வேற தராசுலயும் போட்டுப் பார்த்துட்டேன்."

"அப்போ என்ன செய்வீங்க?"

"எழுதாத ரசீது ஏதோ இருக்கு. கேட்டுப் பார்க்கிறேன்."

கட்டிலருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தாத்தாவிடம் ஊரைப் பற்றியும் பேரப்பிள்ளைகளைப் பற்றியும் பேச்சுக் கொடுத்தார். சாயங்காலம் மருமகள் ஃபிளாஸ்கில் ரசம் கொண்டு வருவதும், மகன் வேலை முடிந்து வரும் வழியில் பிளாஸ்டிக் பையில் தே தாரிக் கட்டிக்கொண்டு வருவதும் வெளியே வந்தன. ஆஸ்பத்திரிச் சாப்பாடு வாயில் வைக்க முடியாமல் தாத்தா தவித்ததால், பிள்ளைகள் அன்போடு செய்த காரியம் அது. ரசத்தில் நீர் மட்டுமா, உப்பும் இருக்கிறது, அந்த உப்பு உடம்பில் இன்னும் நீரைப் பிடித்து வைக்கும். மாணவர் மருமகளைத் திட்டவில்லை. வரம்புக்குள் எவ்வளவு ரசம், உப்பை எப்படிக் குறைப்பது என்று உணவியல் வல்லுநரோடு உட்கார வைத்து ஒரு அளவு பேசி முடித்தார். பல ஆண்டு பேரேடு பார்த்த கண்ணும், 'தாத்தா' என்று தமிழில் கூப்பிட்ட வாயும் சேர்ந்து அன்றைக்கு அந்த நோயாளிக்கு உதவின. புத்தகத்திலிருந்து நான் சொல்லிக்கொடுத்தது அதில் பாதிதான்.

விமானப் பணிப்பெண்கள் வேறு மாதிரி. 2020-ல் கொவிட் வந்து விமானங்கள் நின்றபோது, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பணியாளர்கள் பலர் மருத்துவமனைகளில் நோயாளிகளைக் கவனிக்கும் உதவியாளர்களாக வந்தார்கள். எங்கள் வேலையைப் பலர் கிட்டேயிருந்து பார்த்த காலம் அது. அந்தத் துறையிலிருந்து படிக்க வந்தவர்களிடம் நான் கண்டது நிதானம். கத்தும் உறவினர் முன்னால் குரலை உயர்த்தாமல் நிற்பதற்கு அவர்களுக்கு நான் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கட்டுமானத் தளத்திலிருந்து வந்தவருக்கு 'சரிபார்ப்புப் பட்டியல்' ரத்தத்தில் ஊறியிருந்தது. சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தையும் அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொல்லாமல் மருந்து எடுத்ததில்லை. இன்சுலின் அளவில் 'யூனிட்' என்பதைச் சுருக்கி ஆங்கில 'யு' எழுத்தாகக் கிறுக்கினால் அது சுழியம் போலத் தெரிந்து, நாலு நாற்பதாகிவிடும். அதனால்தான் அந்தச் சொல்லை முழுசாக எழுதச் சொல்கிறோம். இதைச் சொன்னதும் அவர் முகம் இறுகியது. சாரக்கட்டில் ஒரு திருகு விட்டுப்போனால் என்ன ஆகும் என்று பார்த்த மனிதருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

வீடுகளில் இவர்களுக்குக் கிடைக்கும் வரவேற்பைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். சீன, மலாய் மாணவர்களும் வீட்டு எதிர்ப்பைச் சொல்கிறார்கள், ஆனால் நம் வீடுகளில் கேள்வி பச்சையாக வருகிறது: "பீ மூத்திரம் அள்ளவா டிகிரி படிச்சே?" ஒரு மாணவி, மாமியார் இப்படிக் கேட்டதை என்னிடம் சொல்லும்போது அவள் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கேள்வியை நான் சும்மா விடத் தயாரில்லை. மலம் கறுப்பாகத் தார் போலப் போனால் இரைப்பையிலோ மேல்குடலிலோ ரத்தம் கசியலாம். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், எனவே மருந்துப் பட்டியலையும் பார்க்க வேண்டும். வெளிறிப் போனால் பித்தநாளத்தில் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். இதைப் பார்த்து, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிந்து, நடுராத்திரியில் மருத்துவரை எழுப்பலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது படித்தவர் செய்ய வேண்டிய வேலை. கழிவைத் தொடும் கையைத் தாழ்வாகப் பார்க்கும் பழக்கத்துக்குப் பின்னால் நம் சாதிப் புத்தி இருக்கிறது. கடல் தாண்டி வந்து நான்கு தலைமுறை ஆனபிறகும் அது நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இத்தனைக்கும் இந்தத் தேக்கா வட்டாரம் மருத்துவமனைகளை மடியில் வைத்து வளர்ந்த இடம். டான் டோக் செங் மருத்துவமனை 1909-ல் மோல்மீன் சாலைக்குப் போவதற்கு முன் சிராங்கூன் சாலையும் பாலஸ்டியர் சாலையும் சந்திக்கும் பக்கத்தில்தான் இருந்தது. கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை 1924-ல் பிரசவ மருத்துவமனையானது. 1966-ல் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன, அது உலகச் சாதனை. என் தலைமுறைச் சிங்கப்பூர்த் தமிழர்களில் பாதிப் பேரையாவது முதலில் கையில் ஏந்தியது அங்கிருந்த மிஸ்ஸிகளாகத்தான் இருக்கும். 1997-ல் மருத்துவமனை சாலைக்கு எதிர்ப்புறம் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. 2003-ல் சார்ஸ் வந்தபோது நோயாளிகளைப் பெரும்பாலும் டான் டோக் செங்கில்தான் வைத்துப் பார்த்தார்கள். 238 பேருக்கு நோய், 33 பேர் மரணம். இறந்தவர்களில் அங்கே பணியாற்றிய மூத்த தாதி ஹமீதா இஸ்மாயிலும் ஒருவர். அந்தப் பெயரை நான் ஒவ்வொரு புது அணிக்கும் சொல்வேன்.

இந்த ஊரில் பயிற்சி பெற்ற தாதிமை 1885 ஆகஸ்டு 1-ல் கான்வென்ட் கன்னியாஸ்திரீகள் பொது மருத்துவமனையில் பணியைத் தொடங்கியதிலிருந்து கணக்கிடப்படுகிறது. தாதியர் தினம் ஆகஸ்டு 1-ல் வருவது அதனால்தான். 1956-ல் தாதிமைப் பள்ளி, 1992-ல் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரி, 2005-ல் ஆலிஸ் லீ நிலையம் என்று படிப்பு மருத்துவமனையிலிருந்து கல்லூரிக்கும், அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கும் நகர்ந்தது. வேறு துறையினரை அழைக்கும் வழி அந்த நகர்வின் பின்பகுதியில் சேர்ந்துகொண்டது.

உலகத்தில் இது புதிதும் அல்ல. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971-ல் வேற்றுத்துறைப் பட்டதாரிகளுக்கான விரைவு நர்சிங் பட்டப்படிப்பைத் தொடங்கியது. 1974-ல் யேல் பல்கலைக்கழகம், நர்சிங் தெரியாத பட்டதாரியை மூன்று ஆண்டில் முதுகலைத் தாதியாக்கும் படிப்பைக் கொண்டுவந்தது. இப்போது ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் இரண்டாண்டு முதுகலையாகவே இதைப் படிக்கலாம்.

தமிழ்நாட்டில் என் உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு இந்த ஆசை இருக்கிறது. பி.காம். முடித்தவள், பாட்டியை மூன்று வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தவள். அவளுக்கு என்ன சொல்வது? பி.எஸ்சி. நர்சிங்கில் சேரப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். அதைப் படித்தவராக இருந்தாலும், கையில் பட்டம் இருப்பதற்காக எந்தச் சலுகையும் கிடையாது, முதலாண்டிலிருந்து தொடங்கி நான்கு ஆண்டு படிக்க வேண்டும். இந்தியாவின் முதல் பி.எஸ்சி. நர்சிங் வகுப்புகளில் ஒன்று 1946-ல் வேலூர் சிஎம்சியில் தொடங்கியது. அப்படி முன்னால் நடந்த மாநிலம், இருபத்தெட்டு வயதில் மனம் மாறி வரும் ஒருத்திக்கும் ஒரு வாசலைத் திறக்கலாம். அடிப்படை அறிவியலை ஓராண்டு படிக்க வைத்து, பிறகு சேர்த்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

இங்கே வாசல் திறந்திருப்பதற்குக் காரணம் தேவை. 2030-ல் நம் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதை எட்டியிருப்பார். தாதியர், சிகிச்சையாளர்கள், பராமரிப்பு ஊழியர்கள் எல்லோரையும் சேர்த்து, 2023-ல் 58,000 ஆக இருந்த எண்ணிக்கை 2030-க்குள் 82,000 ஆக வேண்டும் என்று சுகாதார அமைச்சு சொன்னது. வெளிநாட்டுத் தாதியர் இல்லாமல் எங்கள் வார்டு ஒரு நாள் ஓடாது, அவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். கூடவே உள்ளூரில் விருப்பம் உள்ளவரையும் தேடிப் பிடிக்க வேண்டும். 2024-ல் அறிவித்த ஏஞ்சல் திட்டப்படி, பொதுத்துறை மருத்துவமனைகளில் நீண்டகாலம் நீடிக்கும் தாதியர் இருபது ஆண்டில் 100,000 வெள்ளி வரை பெறலாம். 46 வயதுக்குள் சேர்ந்தவர்களுக்கு அது பொருந்தும் என்பதால், இரண்டாவது வேலையாக வருபவர்களும் அந்தக் கணக்குக்குள் வந்துவிடுகிறார்கள்.

எனக்குள்ள குறையையும் சொல்கிறேன். வகுப்பில் இடம் கூட்டுவது எளிது, வார்டில் கற்றுத்தரும் ஆளைக் கூட்டுவது கடினம். ஏழு நோயாளிகளைப் பார்க்கும் தாதியின் பின்னால் ஒரு மாணவரை நிறுத்தினால், பரபரப்பான காலையில் அவர் துணி மடிக்கும் உபரிக் கையாகிவிடுகிறார். அந்த மாணவர் நாற்பது வயதில் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர், ஒரு காலைப் பொழுது வீணாவதும் அவருக்குப் பெரிய இழப்பு. கற்றுத்தரும் தாதிக்கு அந்த ஷிப்டில் நோயாளிகளைக் குறைத்துக் கொடுக்க வேண்டும், இதை நான் எல்லாக் கூட்டத்திலும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இன்னொன்று பணம். தனி ஆளுக்குப் பயிற்சிப் படி போதும். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டுக் கடனும் இரண்டு பிள்ளைகளும் இருப்பவருக்கு இரண்டு ஆண்டு இழுபறிதான். பிள்ளை வளர்ப்பவருக்குக் கூடுதல் படி கொடுத்தால், தயங்கி நிற்கும் பல தாய்மார் வந்து சேர்வார்கள்.

யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு என் யோசனை இது. விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு முதியோர் இல்லத்திலோ மருத்துவமனையிலோ தொண்டூழியராகச் சில வாரம் போய்ப் பாருங்கள், மணம், ஓசை, அழுகை எல்லாம் சேர்ந்த இடத்தில் உங்களுக்கு நிற்க முடிகிறதா என்று தெரிந்துவிடும். விளக்கக் கூட்டத்தில் நான்கு கேள்வி கேளுங்கள்: ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, நடுவில் விட்டால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், படித்து முடித்ததும் எந்த வார்டு என்பதில் என் விருப்பம் கேட்கப்படுமா, பழைய வேலை அனுபவம் தொடக்கச் சம்பளத்தில் கணக்கில் வருமா. பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரவு ஷிப்ட் வரும் வாரங்களில் பிள்ளைகளைக் காலையில் யார் எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவது என்பதை வீட்டில் முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். கணவரோ மனைவியோ தயங்கினால், அந்த விளக்கக் கூட்டத்துக்கு அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.